பைக்கிலிருந்து விழுந்தவர்கள்

"இடது கை கட்டைவிரல் போதும்" என்றார் ஜெபகுமார். "கையெழுத்துக்கு இப்ப வழியில்லன்னு எங்களுக்கும் தெரியும். அதான் மை டப்பா கொண்டாந்திருக்கேன்."

கம்பெனியில் மனிதவள அதிகாரி அவர். வடக்குப்பட்டில் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலி அவருக்குத்தான் போடப்பட்டிருந்தது. எதிரே பாயில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான் பேச்சிராஜ். வலது கையில் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. மூன்று நாளைக்கு முன்பு வரை அந்தக் கையில் ஐந்து விரல்கள் இருந்தன. இப்போது கட்டைவிரல் இருக்கிறது. ஆள்காட்டி விரல் பிழைக்குமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. மற்ற மூன்றும் பிரஸ் மிஷினோடு போய்விட்டன.

பேச்சிராஜ் காகிதத்தை இடது கையில் வாங்கி நிதானமாகப் படித்தான். ஐ.டி.ஐ. முடித்தவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து ஐந்து வருடமாகிறது.

"'மாலை நான்கு மணிக்கு நண்பரின் பைக்கில் வீட்டுக்குச் செல்லும்போது நிலைதடுமாறி விழுந்து, செயினில் வலது கை சிக்கி...' சார், எனக்கு பைக் ஓட்டவே தெரியாதுல்லா?"

"அதான் ஃபிரெண்டோட பைக்குன்னு போட்டிருக்கே."

"ஃபிரெண்டு பைக்குன்னாலும் ஓட்டத் தெரியணும்லா சார்? சைக்கிளுக்கு மேல நான் எதையும் தொட்டதில்ல. கம்பெனி பஸ்ஸுலதான் வாரேன், கம்பெனி பஸ்ஸுலதான் போறேன். அன்னைக்கு எனக்கு ரெண்டாம் ஷிப்ட்டு. நாலு மணிக்கு நான் எப்படி சார் வீட்டுக்குப் போவேன்?"

வாசலில் நின்றிருந்த ரத்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடக்குப்பட்டுக்காரி. இந்த அறையையும் சேர்த்து எட்டு அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா. வாய் சும்மா இருக்காது.

"எங்க தெருவுல பைக்கே மொத்தம் நாலுதான் கீது சார். ஆனா பைக்லேர்ந்து வுழுந்தவன் மட்டும் ஏழு பேரு. இன்னா சார் கணக்கு இது?"

ஜெபகுமார் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். ரத்னாவின் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் குரல் முன்னைவிட மென்மையானது. "நான் உங்களுக்குக் கெட்டது செய்ய வரலை பேச்சிராஜ். நாளான்னிக்கு உங்களுக்கு ரெண்டாவது ஆபரேஷன். அந்த ஒரு விரலாவது நிக்கணும். நர்சிங் ஹோமுக்கு கம்பெனி லெட்டர் போனாத்தான் செய்வாங்க. லெட்டர் அனுப்பணும்னா இந்த பேப்பர் என் ஃபைல்ல இருக்கணும். கம்பெனி ஃபங்ஷன் முடியட்டும், ஸ்டோர்ல லைட் வேலை, பர்மனென்ட். நானே பேசி வெச்சிருக்கேன்."

"நான் மிஷின்லதான் கையைக் குடுத்தேன். சென்சாரை ஆஃப் பண்ணிட்டு சாவியைப் பையில போட்டுக்கிட்டது யாருன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். அதை எழுதுங்க, இப்பவே வைக்கேன்."

"எனக்கும் மேல ஆள் இருக்காங்க தம்பி."

மூலையில் நின்ற முத்துச்செல்வி புருஷனைப் பார்க்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த அந்த ஆள்காட்டி விரலின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நீலம் பாரித்திருந்தது. அவள் ரத்னாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெச்சிட்டு வுடுடி" என்றாள் ரத்னா, தரையைப் பார்த்தபடி. "அவங்களோட நம்மால மல்லுக்கட்ட முடியாது."

முத்துச்செல்வி பாயில் மண்டியிட்டாள். புருஷனுடைய இடது கையைப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை.

"ஏட்டி, வேண்டாம்ட்டி."

"ஒத்த விரலாவது மிஞ்சட்டும்ங்க. சும்மா இருங்க."

கட்டைவிரலை மையில் அழுத்தி, காகிதத்தில் அழுத்தினாள். தன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழகாக எழுதத் தெரிந்தவனுடைய கைநாட்டு அது. வைத்தது அவன் விரல், வைக்கச் செய்தது அவள் கை. இதை அவள் அப்புறம் ஒரு நாளும் மறக்கவில்லை.

*

அந்தக் கம்பெனி கார்க் கதவுகளுக்கான தகடுகளை அழுத்தி வளைத்துக் கொடுக்கிறது. ஒரகடத்தில் பெரிய ரோட்டை ஒட்டி, வாசலில் புல்தரையெல்லாம் வைத்து லட்சணமாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் கேன்டீனின் வெளிச்சுவரில் ஒரு பச்சைப் பலகை. 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே கொக்கிகளில் எண் தகடுகள் தொங்கும். தினமும் காலை எட்டு மணிக்கு அந்த எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். அதைச் செய்வது ஹவுஸ்கீப்பிங்கில் வேலை செய்யும் முத்துச்செல்வி. துடைப்பம், மாப், பினாயில் இவற்றோடு எண் தகடுகளும் அவளுடைய அலமாரியில்தான் இருந்தன.

பிரஸ் மிஷினில் கை உள்ளே இருந்தால் மேலேயிருந்து அச்சு இறங்காது. அதற்காகத்தான் சென்சார். ஆனால் சென்சாருக்குக் கையும் தெரியும், கையுறையின் நூலும் தெரியும், எண்ணெய்ப் புகையும் தெரியும். எதைக் கண்டாலும் மிஷினை நிறுத்திவிடும். நிறுத்தினால் மணிக்கு இத்தனை தகடு என்ற இலக்கு என்ன ஆவது? அதனால் சூப்பர்வைசர் நரசிம்மன் ஷிப்ட் தொடங்கியதும் சென்சாரை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆடிட் வரும் நாளில் மட்டும் சாவி திரும்ப மிஷினுக்குப் போகும். நரசிம்மனும் இதைத் தானாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இலக்கை எழுதி அனுப்புகிறவர்களுக்கு அது எப்படி எட்டப்படுகிறது என்று தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. பெரிய இடங்களில் பொறுப்பைக் கைகழுவுவது இப்படித்தான்.

பேச்சிராஜின் கை மாட்டியது பலகையில் 987 தொங்கிய நாள். கம்பெனி ஆம்புலன்ஸ் வாசலில்தான் நின்றது. அதை எடுத்தால் கேட் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிந்தால் பலகை பூஜ்ஜியத்துக்குப் போகும். ஆகவே கையைப் பஞ்சிலும் துணியிலும் சுற்றி, கழிவுத் தகடு ஏற்றும் பின்வாசல் வழியாக, யாரோ ஒரு ஆபீசருடைய காரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆபீஸ் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துச்செல்வி ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். உள்ளே இருப்பது தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியாது. கால் மணி நேரம் கழித்து அவளோடு வேலை செய்யும் கனகம் ஓடிவந்து சொன்னாள்.

மறுநாள் லீவு கேட்டாள். "நீ வராம இருந்தாத்தான் நாலு பேர் கேப்பாங்க. எட்டு மணிக்கு வந்து நம்பரை மாத்திட்டு, வேணா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லிவிட்டார்கள்.

வந்தாள். ஏழைக் கழற்றி எட்டை மாட்டினாள். 988. கேன்டீன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் டீ டம்ளருக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்கள்.

ஆயிரமாவது நாளுக்குப் பெரிய விழா ஏற்பாடாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனியின் விருந்தினர்கள் வருகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஐந்து வருட ஆர்டர். தொழிலாளிகள் அறுநூறு பேருக்கும் ஆளுக்கொரு பிரஷர் குக்கர்.

"அறுநூறு வீட்டுக்குக் குக்கரு வரப்போவுதுடி" என்று கனகம் அவள் காதில் சொன்னாள். "உன் வாயால கெடுத்துடாத. அப்புறம் எல்லாரும் உன்னத்தான் ஏசுவாங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு குக்கருக்காக அறுநூறு பேர் வாயைப் பொத்திக்கொள்வார்களா? குக்கருக்காக இல்லை. அதில் முக்கால்வாசிப் பேர் கான்ட்ராக்ட். வாயைத் திறந்தவனுடைய பெயர் அடுத்த மாதப் பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான். பயந்தோம் என்று சொல்லிக்கொள்ள மனிதருக்கு வெட்கம். குக்கர் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கம்பெனி அந்த மட்டில் அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

*

ரெண்டாவது ஆபரேஷன் நடந்தது. விரல் நிற்கவில்லை. எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு முத்துச்செல்வி அழவில்லை. இரவுச் சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டும்போது அவன்தான் கேட்டான். "எந்த விரலுக்காகட்டி கைநாட்டு வச்சோம்?" அவளுடைய கை நடுவழியில் நின்றது. சோறு அவன் மடியில் கொட்டியது. அதற்குத்தான் அவள் அழுதாள், சோறு கொட்டியதற்கு அழுவதுபோல.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவனை ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. லைட் வேலைக்குத்தான் என்று நினைத்து முத்துச்செல்வி அவனுக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுவிட்டாள். பொத்தான்களை அவளே மாட்டிவிட்டு, ஆபீசுக்குள்ளும் அவனோடு போனாள்.

ஜெபகுமாரின் மேசையில் வேறொரு காகிதம் இருந்தது. அவர் அதைப் படித்துச் சொன்னார். கம்பெனிக்கு ஒரு சாலைப் பாதுகாப்புக் கொள்கை உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் யாராயிருந்தாலும், கான்ட்ராக்ட்டாக இருந்தாலும், வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. பேச்சிராஜிடம் லைசென்ஸ் இல்லை. ஆகவே இன்றோடு நிறுத்தம்.

பேச்சிராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். பைத்தியக்காரனைப் போலச் சிரித்தான்.

"நான்தான் பைக்கே ஓட்டலையே சார்!"

"ஓட்டினதா நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"எழுதினது நீங்க!" என்று கத்திவிட்டாள் முத்துச்செல்வி. "எங்க வீட்டு நாற்காலியில உக்காந்து நீங்க எழுதிக் கொண்டாந்தது. ஸ்டோர்ல வேல போட்டுத் தாரேன்னு சொன்னியளே, அதுவும் நீங்கதானே?"

ஜெபகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அன்று வீட்டில் வைத்துச் சொன்னபோது அவர் மனதாரத்தான் சொன்னார். மேலே கேட்டார். மேலே இருப்பவர்கள், நாலு விரல் இல்லாதவன் தினமும் கண்ணெதிரே நடமாடினால் பலகைக்கு என்ன மரியாதை என்று நினைத்தார்கள். நியாயம்தானே? அதற்கு ஒரு காரணம் தேடியபோது ஜெபகுமாரின் ஃபைலிலேயே காரணம் இருந்தது.

"கம்பெனி ரூலும்மா. என் கையில இல்ல" என்றார் அவர்.

"இருந்த கையில இப்ப ஒண்ணும் இல்ல சார்" என்றான் பேச்சிராஜ். இதைச் சொல்லும்போது அவன் கத்தவில்லை.

அவன் வீட்டுக்குப் போனான். அவளுக்கு இன்னும் வேலை நேரம் பாக்கி இருந்தது. விழாவுக்காகப் பிரஸ் லைனின் தரையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். அங்கே, அதே மிஷினில், பக்கத்து அறைக்காரன் சுடலைக்கண்ணு நின்று தகடு போட்டுக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது. அவனும் அவர்கள் ஊர்ப் பக்கம்தான். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். போன வருடம் 'பைக்கிலிருந்து விழுந்தவன்.' அவள் சென்சாரைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரியவில்லை. சுடலைக்கண்ணுவின் கை உள்ளே போனது, வந்தது, அச்சு இறங்கியது. உள்ளே போனது, வந்தது. அவளால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

*

விழா நாளன்று பலகைக்கு நாலாவது கொக்கி அடித்திருந்தார்கள். ஒன்றும் மூன்று பூஜ்ஜியங்களும் புதிதாக வண்ணமடித்து வந்திருந்தன. காலையிலேயே அவற்றை மாட்டிப் பட்டுத் துணியால் மூடி வைக்க வேண்டும். பெரிய முதலாளி கயிற்றை இழுத்துத் திறப்பார். மாட்டுவது வழக்கம்போல முத்துச்செல்வி.

அவள் ஏணியில் ஏறினாள். கனகம் கீழே நின்று பிடித்துக்கொண்டாள். ஏறியவள் இறங்கக் கொஞ்சம் நேரமானது. "இன்னாடி, நாலு நம்பரை மாட்ட இம்மாம் நேரம்?" என்றாள் கனகம். முத்துச்செல்வி துணியைச் சரியாக இழுத்துவிட்டு இறங்கி, உபரியாகிப்போன ஒரு பூஜ்ஜியத்தைக் வேலைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். கனகம் அதைக் கவனிக்கவில்லை.

பதினொரு மணிக்கு அறுநூறு பேரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். வெளிநாட்டு விருந்தினர் மூன்று பேருக்கு மாலை. முதலாளி பேசினார். தொழிலாளிதான் இந்தக் கம்பெனியின் குடும்பம் என்றார். குடும்பத்தில் ஒருவருக்குச் சின்னக் கீறல் விழுந்தாலும் தனக்குத் தூக்கம் வராது என்றார். பிறகு கயிற்றை இழுத்தார்.

துணி விழுந்தது.

0013.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. கேன்டீனுக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம் வெளியே கேட்டது. அங்கே இருந்தவர்களில் அந்த எண்ணுக்கு அர்த்தம் புரியாதவர்கள் நாலே பேர், முதலாளியும் அந்த மூன்று விருந்தினர்களும். மற்றவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் ஒரே கையைத்தான் நினைத்துக்கொண்டார்கள். நரசிம்மனுடைய விரல்கள் தானாகச் சட்டைப் பையைத் தொட்டன.

"யார் மாட்டினது?" என்றார் முதலாளி.

வரிசையின் கடைசியிலிருந்து முத்துச்செல்வி முன்னால் வந்தாள். பேச வேண்டும் என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், நாலு வார்த்தைதான் மிஞ்சியது.

"தப்பா மாட்டல சார். எண்ணித்தான் மாட்டுனேன். எங்க வீட்டுக்காரவுக கை மிஷின்ல போயி இன்னைக்குப் பதிமூணு நாளு. அதே மிஷின்ல இப்பவும் சென்சாரு எரியல. போயிப் பாருங்க."

விருந்தினர்களில் ஒருவர், நரைத்த தலைக்காரர், ஜெபகுமார் பக்கம் சாய்ந்து அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஜெபகுமார் ஒரு நொடி முத்துச்செல்வியைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். "துப்புரவு வேலை செய்கிற பெண். இவ்வளவு பெரிய விழாவில் பதறிப்போய் எண்ணை மாற்றி மாட்டிவிட்டாள். மன்னிப்புக் கேட்கிறாள்."

நரைத்த தலைக்காரர் கனிவாகச் சிரித்தார். பரவாயில்லை என்று அவளைப் பார்த்துக் கைதட்டினார். அவர் தட்டியதும் முதலாளி தட்டினார். முதலாளி தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே நரசிம்மன் ஏணியில் ஏறி ஒன்றை முன்னால் மாற்றி, மூன்றைக் கழற்றி, அவள் பையிலிருந்து வாங்கிய பூஜ்ஜியத்தை மாட்டினார். 1000. படம் எடுத்தார்கள்.

அரை மணி நேரத்தில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்து அவள் பெயருக்கு ஒரு குக்கரை எடுத்து நீட்டினான். பட்டியலில் இருக்கிறதே, அவன் என்ன செய்வான்? அவள் அதை அவன் மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

*

மறுநாள் இருவரும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் இ.எஸ்.ஐ. காரியாலயத்தில் மனுக் கொடுத்தார்கள். வேலையிடத்து விபத்து என்று நிரூபணமானால் ஆயுளுக்கும் உதவித்தொகை உண்டு. மனுவை வாங்கிய அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "பைக்ல விழுந்தேன்னு நீங்களே ரேகை வெச்சிருக்கீங்களே. அதைத் தாண்டி நிக்கணும்னா சாட்சி வேணும்மா. கம்பெனிக்குள்ளதான் நடந்துச்சுன்னு சொல்ற ஆளுங்க. ஒருத்தர் போதாது. கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் முத்துச்செல்வி படியேறாத வாசல் இல்லை. எல்லாரும் அவளை உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சாட்சி என்றதும் எழுந்துகொண்டார்கள். ஒருவனுக்குத் தங்கை கல்யாணம். ஒருவனுக்கு அடுத்த மாதம் பர்மனென்ட் ஆகப்போகிறது என்ற நம்பிக்கை. சுடலைக்கண்ணு மட்டும் காரணம் சொல்லவில்லை.

"மதினி, என்னைக் கேக்காதிய. கும்பிட்டுக் கேக்கேன்" என்றான்.

கனகம் கதவே திறக்கவில்லை. உள்ளே புதுக் குக்கர் விசில் அடித்தது.

மறுநாள் காலையில் பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. இந்த நேரத்துக்கு எழுந்து, பஸ்ஸைப் பிடித்து, எண்ணை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு எண் இல்லாமல் கை என்னவோ போலிருந்தது. ஜன்னல் விளிம்பில் எப்போதோ வாங்கிய சாக்பீஸ் ஒன்று கிடந்தது. வெளியே வந்து, நீலத் தகரக் கதவில் பெரிதாக எழுதினாள்.

15.

கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. கம்பெனி பஸ் அந்தத் தெருமுனையில்தான் நிற்கும். பஸ்ஸுக்குப் போகிற எல்லாரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மறுநாள் 16. அதற்கடுத்த நாள் பேச்சிராஜ் எழுந்து வந்து சாக்பீஸை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். இடது கையால் எழுதினான். ஒன்று ஒருபக்கம் சாய்ந்தது, ஏழு கொக்கியைப் போல வளைந்தது. அவன் தள்ளிநின்று பார்த்துவிட்டு, "கைநாட்டுக்கு இது தேவலாம்" என்றான். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தில் உயிர் தெரிந்தது.

"கதவு என்னுதுடி. பெயின்ட்டு போவுதா இல்லியா?" என்று ரத்னா சத்தம் போட்டாள். ஆனால் அழிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் முத்துச்செல்வி கதவைத் திறந்தபோது, பக்கத்துக் கதவில் 231 என்று எழுதியிருந்தது. சுடலைக்கண்ணு வாசலில் உட்கார்ந்து இடது காலின் நசுங்கிப்போன பாதத்தைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி எண்ணிப் பாத்தேன் மதினி" என்றான் நிமிராமல். "அச்சுத் தகடு காலுல விழுந்து இருநூத்தி முப்பத்தொண்ணு. நேத்து ஷிப்ட்டுல சென்சாரைப் போட்டாத்தான் கைய விடுவேன்னுட்டேன். தள்ளி நிக்கச் சொல்லிட்டாக. இனி என்னைக் கூப்பிடுவாகளோ, என்னவோ. இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு எப்பப் போணும்னு சொல்லுங்க."

அடுத்தடுத்த நாட்களில் எதிர்வரிசையில் ஒரு 77 வந்தது. கடைசி அறையில் 404. தெருக்கோடி வீட்டுச் சுவரில் 560. முகம் தெரிந்தவர்கள்தான் எல்லாரும். ஒருவனுக்குக் கண், ஒருவனுக்கு விரல், ஒருவனுக்கு இடுப்பு. எல்லாரும் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். இருபத்தாறாம் நாளில் ஏழு கதவு ஆயிற்று. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். டிரைவர் ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப்போனார். கம்பெனிப் பலகையில் அன்றைக்கு 1013 என்று கேள்வி.

அன்று காலை ரத்னா வாளியில் தண்ணீரும் பழந்துணியுமாக வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"போன் பண்ணாங்கடி. கதவெல்லாம் தொடச்சி வுடணுமாம். இல்லாங்காட்டி கம்பெனி ஆளு ஒருத்தனும் என் ரூம்புக்கு வாடகைக்கு வர மாட்டானாம்."

முத்துச்செல்வி விலகி நின்றாள். "தொடைங்க அக்கா. வீடு உங்களது. உங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

ரத்னா துணியை நனைத்தாள். பிழிந்தாள். 26க்கு நேரே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. தண்ணீர் அவள் முழங்கை வழியாக வழிந்து சொட்டியது.

"எங்க வூட்டுக்காரரு அப்பாவு, அவருக்கும் பைக்கு ஓட்டத் தெரியாதுடி" என்றாள். "லோடிங்ல பண்டல் சரிஞ்சி மேல வுழுந்து அங்கியே பூட்டாரு. இந்த ஆபீசருக்கு முன்ன இருந்தவரும் இப்பிடித்தான் மை டப்பாவோட வந்தாரு. நான்தான் வெச்சேன். அத்த வெச்சி அவங்க குடுத்ததுலதான் இந்த எட்டு ரூம்பும் கட்டுனேன். அன்னிக்கு உன்னையும் வெக்கச் சொன்னேன் பாரு, பாவி."

அவள் துணியை வாளிக்குள் போட்டாள். எதிரே தன் வீட்டுக் கதவைக் காட்டினாள். பச்சை வண்ணமடித்த மரக்கதவு. அதில் எண் ஏதும் இல்லை.

"எனக்கு அம்மாம் பெரிய கணக்கு வராது. ஆறு வருசம், ரெண்டு மாசம், ஒம்பது நாளு. எத்தினி நாளுன்னு நீயே போட்டு எழுதுடி."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முத்துச்செல்வி சாக்பீஸை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.